சடாச்சரம் மாமா கூச்சம் போக்கிய வரலாறு

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்று முடித்துக் கால் மணி நேரம் ஆயிற்று. கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திலகா சமையற்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பொன்ராசை அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் சடாச்சரம் மாமா விட்ட புளுகில் ஏற்கெனவே இரண்டு வரன்கள் ஓடிப்போயிருந்தன. இன்றைக்கு மூச்சு விடக் கூடாது என்று அம்மா தன் தம்பியிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

"யாராச்சும் ஐஸை பிரேக் பண்ணுங்களேன்," என்றார் பொன்ராசின் அப்பா ராசாங்கம். இங்கிலீஷ் வாத்தியார்.

போச்சு. சத்தியம் காற்றில் பறந்தது.

"அந்த வார்த்தையே என்னாலதான் வந்துச்சு சம்பந்தி!" மாமா நாற்காலியை முன்னால் இழுத்தார். "முன்னப்பின்ன தெரியாதவங்க உம்முன்னு உக்காந்திருக்கையில, கூச்சத்தைப் போக்கி மொதப் பேச்சை எடுத்து விடுறது. சரிதானா? நான் கப்பல்ல சமையல்காரனா இருந்தப்போ லண்டன்ல ரெண்டு பிரபுங்க. முப்பது வருஷமா அடுத்தடுத்த வீடு, ஒரு குட்மார்னிங் கிடையாது. ஆளுக்கு ரெண்டு கரண்டி மிளகு ரசம் ஊத்தினேன். அன்னைக்கே சம்பந்தம் பேசி முடிச்சிட்டாங்க!"

"நீங்க பொறக்குறதுக்கு முந்தியே அந்த வார்த்தை இருக்குங்களே," என்றார் ராசாங்கம்.

"இருந்துச்சு. யாரும் உபயோகிக்கல. இதைக் கேள்விப்பட்டு ரெண்டு ராஜாக்கள் போர்க்களத்துக்கே என்னைக் கூப்பிட்டாங்க. நடுவுல நின்னு 'சாப்பிட்டாச்சா?'ன்னு கேட்டேன். ரெண்டு பட்டாளமும் துப்பாக்கியைக் கீழ போட்டுட்டு, அவங்கவங்க வீட்டுக் கொழம்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருச்சு. அதை விடுங்க. லண்டன்ல ஒரு கல்லுச்சிலை. முந்நூறு வருஷமா பேசாம நின்னுச்சு..."

"கல்லு எப்படிங்க பேசும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். 'கால் வலிக்கலையா?'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு இன்னும் ஓயல. சத்தம் தாங்காம அந்தத் தெருவையே காலி பண்ணிட்டாங்க!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது வரனும் போயிற்று என்று திலகாவுக்கு அழுகை முட்டியது.

அதுவரை தலை நிமிராத பொன்ராசு மெல்லக் கேட்டான். "சிலை எந்தப் பாஷைலங்க பேசுச்சு?"

"தமிழ்தான். நான் தமிழ்லதானே கேட்டேன்?"

பொன்ராசு சிரித்த சிரிப்பில் ராசாங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திலகா கூச்சத்தை மறந்து கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"நம்பாதீங்க. மாமா இருந்தது கப்பல் கம்பெனி கேன்டீன்ல. கடலையே பார்த்ததில்ல."

பொன்ராசு அவளை நேராகப் பார்த்தான். "தினமும் எப்படிங்க சமாளிக்கிறீங்க?"

"இருபத்தஞ்சு வருஷமா ஒத்தையாக் கேட்டுட்டிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா, இனிமே ஆளுக்குப் பாதியாக் கேக்கலாம்."