ஓதக்கார் நெல்

தன்னைக் குரு என்று யாராவது சொல்லிவிட்டால் காத்தாயிக்குக் கெட்ட கோபம் வரும். "நான் என்ன மடமா நடத்துறேன்?" என்பார். துறைமுகத்தில் வந்திறங்கிய வெளிநாட்டு விதை மூட்டைகளுக்கு முன்னால் படுத்து மறித்தவர் அவர். அடி வாங்கியவர், சிறைக்குப் போனவர். விவசாயிகள் சங்கத்தில் எல்லோருக்கும் அக்கா. தாலுகா ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்த சபாபதி வயதில் மூத்தவர்தான், அவரும் அக்கா என்றே கூப்பிட்டார். காத்தாயி பதிலுக்கு அவரை அண்ணே என்பார்.

கடலோர ஊர் அது. உப்புத்தண்ணீர் ஏறினாலும் தாங்கி நிற்கும் ஓதக்கார் நெல்லை, தானே கண்டுபிடித்த விதை என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி உரிமை கேட்டது. சங்கம் வழக்குப் போட்டது. ஆனால் ஊரார் அந்த நெல்லைக் கைவிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. சங்கத்து வயலில் அறுத்தது மட்டும்தான் மிச்சம்.

அதைக் காக்கும் பொறுப்பைச் சபாபதி ஏற்றுக்கொண்டார். தகர டின்னில் அடைத்து, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

செங்கமலம் என்ற குத்தகைக்காரி வந்து ஒரு படி விதை கேட்டாள். காத்தாயி அப்போது சிறையில் இருந்தார்.

"உன் மவன் அந்தக் கம்பெனிக்குத்தானே வண்டி ஓட்டுறான்? உனக்குக் குடுக்குறதும் அவனுக்குக் குடுக்குறதும் ஒண்ணுதான்" என்று நாலு பேர் முன்னால் அவளைத் திருப்பி அனுப்பினார் சபாபதி. நல்ல மனுஷர்தான், ஆனால் பயம் வந்தால் யாருக்குக் கண் தெரிகிறது?

இரண்டு மழைக்காலம் போயிற்று. காத்தாயி வெளியே வந்த நேரம், நிற்கிற பயிராக ஓதக்காரைக் காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்டது. பீரோவைத் திறந்தார்கள். நெல்லை ஊறவைத்து ஈரச் சாக்கில் கட்டி வைத்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு மணிகூட முளை விடவில்லை.

சபாபதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேலியே பயிரை மேஞ்ச கதையாப் போச்சே அக்கா! ஒருத்தன் கை படாமப் பாத்துக்கிட்டேனே!"

"அதனாலதாண்ணே" என்றார் காத்தாயி. "வருஷா வருஷம் மண்ணைப் பாக்காத விதை செத்துப்போகும். எந்திரிங்க. செங்கமலம் வீட்டுக்குப் போவோம். அறுத்த அன்னைக்கு அவ நம்ம வயல்ல பொறுக்குன நாலு கதிரை விதைச்சுப் பெருக்கி வச்சிருக்காளாம்."

"அவகிட்டயா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"இருக்குற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்."

அவர்களைப் பார்த்ததும் செங்கமலம் முந்திக்கொண்டாள். "சிந்துன கதிரு பொறுக்குறவளுக்குத்தான் சொந்தம். நான் ஒண்ணும் திருடலைங்க."

"தப்பு என் பேருலதாம்மா" என்றார் சபாபதி. "கொஞ்சம் விதை வேணும்."

அவள் உள்ளே போய் ஒரு சாக்கு நிறைய அளந்து கொண்டுவந்தாள்.

"என் மவன் இன்னும் அந்தக் கம்பெனி வண்டிதான் ஓட்டுறான். இப்பவே சொல்லிப்புட்டேன்."

"ஓட்டட்டும்மா" என்று கும்பிட்டார் காத்தாயி.

சாக்கைச் சபாபதி தலையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் காத்தாயி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். "ஓதக்கார் வந்திருக்கு, மடியப் பிடிங்க" என்று அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

சபாபதி சாக்கின் வாயைக் கையால் பொத்தினார்.

"அக்கா, இதுல கம்பெனி ஆளு எவனாச்சும் இருந்தா?"

"இருப்பான். அவனும் விதைக்கட்டும். கோர்ட்டுலேருந்து வந்தா அவன் வயலையும் சேத்துக் காட்டுவோம்."

கடைசி வீட்டில் சாக்கு காலியானது.

"நம்ம வயலுக்கு ஒரு பிடிகூட வைக்கலையே அக்கா!"

காத்தாயி சாக்கை உதறி, மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

"போய்க் கேளுங்கண்ணே. யாரும் இல்லேன்னு சொல்லமாட்டாங்க."