பன்னிரண்டாவது டின்

மங்கையர்க்கரசி அம்மையிடம் சீடனாக வந்து சேர்ந்தபோது குணசீலனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மைக்கு நாற்பத்தொன்று.

ஜவ்வாது மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் அம்மையின் ஓட்டு வீடு வரும். அவர் முன்பு போளூரில் கணக்கு டீச்சராக இருந்தவர். குணசீலனையும் சேர்த்து அவரோடு ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். சாமை விதைப்பார்கள், சமைப்பார்கள், காலையிலும் மாலையிலும் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி இருப்பவர்கள் அம்மையிடம் போய்க் கேட்பார்கள்.

வந்த முதல் வாரத்திலேயே குணசீலன் போய்க் கேட்டார்.

"நான் என்ன செய்யணும், அம்மை?"

"மனசுல என்ன ஓடுதோ அதைப் பாருங்க. பார்த்துட்டு, கையில இருக்கற வேலையைப் பாருங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

குணசீலன் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் நம்பவில்லை.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் கொடுப்பதைத்தான் தனக்கும் கொடுத்திருக்கிறார், நல்ல சரக்கு உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். யாருக்கு எப்போது எடுத்துக் கொடுக்கிறார் என்று கவனிக்கத் தொடங்கினார்.

வாணியம்பாடியிலிருந்து வந்த தாவூத் என்ற தையல்காரர் ஒருநாள் அம்மையின் அறையில் ஒரு மணி நேரம் இருந்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. குணசீலன் கிணற்றடியில் அவரை மடக்கினார்.

"என்ன சொன்னாங்க?"

"துணிப்பைக்கு காது எப்படி வெச்சுத் தைச்சா பிய்யாதுன்னு கேட்டாங்க சார். சொல்லிக் கொடுத்தேன்."

"ஒரு மணி நேரமா?"

"அவங்களுக்கு ஊசி பிடிக்கவே வரல."

குணசீலன் அதையும் நம்பவில்லை. வெளியே சொல்லக் கூடாதென்று அம்மை சத்தியம் வாங்கியிருப்பார் என்று தோன்றியது. அன்றிலிருந்து தாவூத் சிரிக்கும்போதெல்லாம் எதற்குச் சிரிக்கிறார் என்று கவனித்தார்.

அவர் இப்படிச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் உண்டு. முப்பது வருடம் அவர் பார்த்த வேலை அப்படி.

சென்னையில் ஒரு குளிர்பானக் கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்கு அவர் தலைவராக இருந்தார். மாம்பழ ஜூஸ்தான் அவர்களுடைய முக்கியச் சரக்கு. ஒரு கோடையில் விற்பனை படுத்துவிட்டது. அப்போது குணசீலன் ஒரு யோசனை சொன்னார். ஜூஸ் டின்களில் பறவைப் படங்களை அச்சிடுவது. மொத்தம் பன்னிரண்டு பறவைகள். இந்தக் கோடைக்கு மட்டும். பன்னிரண்டையும் சேர்ப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அதிலும் பன்னிரண்டாவதான இருவாச்சி டின் மிகக் குறைவாகவே வெளிவரும்.

மீன்கொத்தி, மாங்குயில், கொண்டலாத்தி என்று பதினொரு பறவைகள் லாரி லாரியாகப் போயின. இருவாச்சி மட்டும் போகவில்லை. மாதிரிக்கென்று, உள்ளே எதையும் ஊற்றாமல் மூடி, ஒன்றே ஒன்று செய்தார்கள். அதோடு சரி.

"லட்சத்துல ஒண்ணாவது போடலாமே சார்," என்று அச்சகத்து மேலாளர் கேட்டார்.

"ஒருத்தனுக்குக் கிடைச்சாலும் ஊரெல்லாம் தெரிஞ்சுடும். கிடைச்சுட்டா தேடறது நின்னுடும்," என்றார் குணசீலன்.

தேடுவது நிற்கவில்லை. ஜூஸ் வேண்டாதவர்களும் வாங்கினார்கள். டின்னை வைத்துக்கொண்டு ஜூஸைச் சாக்கடையில் ஊற்றினார்கள். குணசீலனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்த ஒற்றை மாதிரி டின்னை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். மலைக்கு வரும்போதும் எடுத்து வந்தார்.

அம்மையின் வீட்டில் ஒவ்வொருவருக்கும் துணிமணி வைக்க ஒரு மர அலமாரி உண்டு. எதற்கும் பூட்டுக் கிடையாது. குணசீலன் மட்டும் கீழே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து மாட்டினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்காதவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்தார்.

மூன்று வருடம் போயிற்று. ஒரு மார்கழிக் காலையில், அம்மை விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது, குணசீலன் அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மை, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எங்கிட்ட சொல்லாம எதை வெச்சிருக்கீங்க?"

அம்மை கையிலிருந்த விறகை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே."

"தாவூத்துக்குச் சொன்னீங்க."

"தாவூத் எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தார்."

"மூணு வருஷமா காத்திட்டிருக்கேன், அம்மை. எனக்குத் தகுதி இல்லைன்னா சொல்லிடுங்க. ஆனா இல்லவே இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு இந்தத் தொழில் தெரியும்."

"என்ன தொழில்?"

குணசீலன் அறைக்குப் போய் பூட்டைத் திறந்து, வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த டின்னை எடுத்து வந்தார். விறகுக் குவியலின் மேல் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அது அவருக்கே கேட்டது.

அம்மை டின்னைத் தொடவில்லை.

"இதை யாரும் கேக்கலையா?"

"ஊரே கேட்டுது."

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

குணசீலனுக்கு உடனே ஞாபகம் வந்தது. அது எப்போதும் ஞாபகத்தில்தான் இருந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் வேலூரிலிருந்து ரோஸ்லின் என்றொரு பெண் கடிதம் எழுதியிருந்தாள். அவள் கணவர் எட்வின், டெலிபோன் லைன்மேன். கம்பத்திலிருந்து விழுந்து கால் உடைந்து வீட்டோடு கிடந்தார். டின் சேர்ப்பது ஒன்றுதான் அவருக்குப் பிடிப்பாக இருந்தது. பதினொன்று சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு இருவாச்சி அனுப்பி வைத்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று எழுதியிருந்தாள்.

"என்ன பதில் போட்டீங்க?" என்று அம்மை கேட்டார்.

"தொடர்ந்து தேடுங்கள், அடுத்த டின்னிலேயே இருக்கலாம்னு."

அம்மை மறுபடியும் விறகை அடுக்க ஆரம்பித்தார். குணசீலன் நின்றுகொண்டே இருந்தார்.

"வேலூர் பஸ் ஆறரைக்கு," என்றார் அம்மை. "நாளைக்குக் கிளம்புங்க."

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. தன்னை அனுப்பிவிட்டு மற்ற எட்டுப் பேருக்கும் எதையோ சொல்லிக் கொடுக்கப் போகிறாரோ? பாதி வழியில் இறங்கித் திரும்பி நடக்கலாமா என்றுகூட நினைத்தார். மடியில் இருந்த டின் அவரை இறங்கவிடவில்லை.

கடிதத்தில் இருந்த முகவரி அவருக்கு மனப்பாடம். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சின்ன வீடு. கதவைத் திறந்தவர் எட்வின்தான். கையில் ஊன்றுகோல். விந்தி விந்தி நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருவாச்சி கொண்டு வந்திருக்கேன்," என்றார் குணசீலன்.

எட்வின் முகம் மாறவில்லை. "நீங்க எட்டாவது ஆள் சார். உக்காருங்க. ரோஸ், காபி போடு."

சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் பதினொரு டின்கள், தூசி இல்லாமல் வரிசையாக நின்றன. பதினொன்றுக்குப் பக்கத்தில் ஒரு டின் வைக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதற்கு மேலே சட்டம் போட்ட செய்தித்தாள் விளம்பரம். அதில் இருவாச்சியின் படம்.

எட்வின் டின்னை வாங்கினார். எடை பார்த்தார். தலைகீழாகத் திருப்பி அடியைத் தடவினார். பிறகு சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"போலி," என்றார்.

"இல்லை சார்."

"விளம்பரத்துல பறவை இந்தப் பக்கம் பார்க்குது. இடது. உங்க டின்ல வலது பக்கம் பார்க்குது. அப்புறம், டின் காலியா இருக்கு. ஆனா அடியில ஓட்டை இல்லை. நாங்க சேர்க்கறவங்க எல்லாரும் அடியில ஆணியால ஓட்டை போட்டுத்தான் ஜூஸை எடுப்போம். மேல் மூடி கெடக்கூடாது பாருங்க. ஓட்டையே இல்லாம எப்படி சார் காலியாச்சு? போலி செய்றவங்க இதைத்தான் கோட்டை விட்டுடறாங்க."

குணசீலன் எழுந்து நின்றார்.

"விளம்பரத்துல பறவையைத் திருப்பிப் போடச் சொன்னதே நான்தான். பக்கத்துல இருந்த எழுத்தைப் பார்க்கற மாதிரி இருக்கட்டும்னு சொன்னேன். இது மாதிரிக்குச் செஞ்சது. ஜூஸ் ஊத்தவே இல்லை. கம்பெனியில இது ஒண்ணுதான் செஞ்சோம். வெளியில ஒண்ணுகூட அனுப்பலை. உங்களை ஏமாத்தினோம் சார். ஏமாத்தினது நான்."

எட்வின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கதை நல்லா இருக்கு. போன தடவை வந்தவர் அவர் மாமா அந்த கம்பெனியில டிரைவர்னு சொன்னார். ஆனா ஒண்ணுகூட அனுப்பலைன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. ஆரணியில ஒரு டாக்டர்கிட்ட ஒண்ணு இருக்கு. நானே பார்த்தேன். தொட விடமாட்டார். தூரத்துல வெச்சுக் காட்டினார். இடது பக்கம்தான் பார்க்குது."

"அதுதான் சார் போலி."

எட்வின் லேசாகச் சிரித்தார். சின்னப் பிள்ளையிடம் சிரிப்பதைப் போல.

"என்ன விலை சொல்றீங்க?"

"விலை வேண்டாம். வெச்சுக்குங்க."

சிரிப்பு போய்விட்டது. எட்வின் டின்னை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"சும்மாவா? எதுக்கு?"

குணசீலன் டின்னை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு வயசாயிடுச்சு சார். கால் போச்சு. ஆனா கண் இருக்கு. காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க."

காபி சூடாக, நன்றாக இருந்தது. குணசீலன் குடித்துவிட்டு டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசல் கேட் வரை ரோஸ்லின் கூடவே வந்தாள். நரைத்த தலை, மெலிந்த உடம்பு.

"நான் எழுதின லெட்டருக்கு என்ன பதில் வந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தொடர்ந்து தேடுங்கள், அடுத்த டின்னிலேயே இருக்கலாம்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத்தான் தினமும் ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்வார். ஒரு வருஷம் படிச்சேன்." மூச்சை இழுத்து விட்டாள். "நான் நம்பறேன் சார். ஆனா நான் நம்பி என்ன? ஞாயித்துக்கிழமை ஆனா அந்தக் காலோட குடியாத்தம் வரைக்கும் பழைய சாமான் கடை கடையாப் போறார். போன மாசம் பஸ்ல ஏறும்போது விழுந்துட்டார். அவர் நம்பினா வீட்ல இருப்பார்."

"திட்டுங்கம்மா," என்றார் குணசீலன்.

"திட்டி என்ன ஆகப்போகுது? நம்ப வைக்க முடியுமான்னு பாருங்க."

மலையேறும் பஸ்ஸில் அவர் அழுதார். பக்கத்தில் இருந்தவர் அதைக் கவனிக்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மை வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எட்டுப் பேரும் வயலில் இருந்தார்கள். குணசீலன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். டின்னைப் பக்கத்தில் வைத்தார். வேலூரில் நடந்ததைச் சொன்னார். இந்த முறை குரலில் பெருமை இல்லை.

"இருக்கறதே அது ஒண்ணுதான், அம்மை. அதைக் கொண்டுபோய் கையிலேயே கொடுத்தேன். விலைகூடக் கேட்கலை. வாங்கிப் பார்த்துட்டு இது இல்லைன்னுட்டார்."

"ஏன்?"

"அவர் மனசுல வேற ஒண்ணு இருக்கு. அதை மாதிரி இது இல்லை."

"அதை யார் போட்டது அவர் மனசுல?"

"நான்தான்."

அம்மை முறத்தை ஒருமுறை தட்டினார். உமி பறந்தது.

"நிஜத்தைச் சொன்னேன், கதைன்னார். சும்மா கொடுத்தேன், உள்ள ஏதோ இருக்குன்னார். வேற எங்கேயோ யார்கிட்டயோ நல்லது இருக்குன்னு நினைக்கிறார். இன்னும் தேடிட்டே இருப்பார்." குணசீலன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. கையில இருக்கறதை முழுசாக் கொடுத்த அப்புறமும் இன்னும் எதையோ மறைக்கிறோம்னு நினைக்கிற ஒரு மனுஷனை எப்படி நம்ப வைக்கறது, அம்மை?"

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"அதைத்தான் குணசீலன், மூணு வருஷமா நானும் யோசிச்சிட்டிருக்கேன்."