கடல் கடந்த காரக்குழம்பு

கொள்ளிடக் கரையில் ஒரு மடம் இருந்தது. இல்லையென்று சொல்கிறவர்கள் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வரட்டும்.

மடத்துச் சாமியாரைவிட அவருடைய சீடர் உத்திராபதிக்கு இரண்டு வயது அதிகம். ஞானம் தேடி வந்தது தாமதம், சமையல் மட்டும் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. அவர் மிளகாய் தாளித்தால் அக்கரையில் எருமை தும்மும். சந்தேகமிருந்தால் எருமையைக் கேளுங்கள்.

ஒரு சமயம் தூரதேசத்துத் தீவு ஒன்றில் புயலடித்து வீடுகள் விழுந்தன. தொண்டு செய்யக் கிளம்பிய கூட்டத்தோடு உத்திராபதியும் ஒரு மூட்டை மிளகாயைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார். முகாமில் எல்லோருக்கும் சோறும் காரக்குழம்பும் ஆக்கிப் போட்டார்.

மழைக்காலம் முடிந்து திரும்பியவர் நேரே குருவின் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, மறுபடியும் போகணும். இந்தத் தடவை இருபது பேர் என்னோட வர்றாங்க. உங்க உத்தரவுக்குத்தான் காத்திருக்கேன்."

"இரும் ஓய். அங்கே என்ன கண்டீர், அதைச் சொல்லும் முதல்ல."

"நன்றியைக் கண்டேன் சாமி! ஒரு வாய் வெச்சதுமே கண்ணுல தண்ணி. பெரியவங்க, சின்னவங்க, அந்த ஊர்த் தலைவர் உட்பட. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் கிடையாது."

"அழுதாங்களா?"

"தேம்பித் தேம்பி."

"சாப்பிட்டப்புறம்?"

"தென்னந்தோப்புக்கு ஓடுவாங்க. ஏதோ பிரார்த்தனை போல."

சாமியார் தாடியைத் தடவிக்கொண்டார். "அதே குழம்பை இன்னைக்கு இங்கே வையும். ஒரு மிளகாய்கூடக் குறையக் கூடாது."

"நீங்க கஞ்சி தவிர எதையும் தொட மாட்டீங்களே சாமி?"

"வையுமய்யா."

வைத்தார். முதல் வாய்க்குச் சாமியாரின் நெற்றி வியர்த்தது. இரண்டாவது வாய்க்குக் காது சிவந்தது. மூன்றாவது வாய்க்கு, மடத்துக்கு மேலே பறந்த கொக்கு ஒன்று வந்த வழியே திரும்பிப் போயிற்று. சாமியார் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர்.

"எப்படி இருக்கு சாமி?"

"பிரமாதம். இன்னொரு கரண்டி போடும்."

உத்திராபதி கரண்டியைத் தூக்கினார். அது பாதியிலேயே நின்றது. குருவின் முகத்தையே பார்த்தார். இப்படி நனைந்த முகங்களை அவர் வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறார்.

"சாமி... காரமா?"

சாமியார் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

உத்திராபதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ தோப்புக்கு ஓடினது இளநீருக்கா?"

"இருக்கும்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஒருத்தர்கூடச் சொல்லலையே. ஏன் சாமி?"

"அவ்வளவு தூரம் வந்தவரை முகம் வாட வெச்சு அனுப்ப மனசு வரலை போலிருக்கு."

"வீடு வாசல் போனவங்க சாமி அவங்க."

"ஆமாம்."

சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாமியார் கேட்டார்: "உமக்கு அவங்க ஒண்ணும் தரலையா?"

"தினமும் ஒரு அம்மா இலையில மூடி ஏதோ கொண்டு வருவாங்க. நான் கொடுக்க வந்தவன், வாங்க வந்தவன் இல்லைன்னு கும்பிட்டுத் திருப்பி அனுப்பிடுவேன்."

"உள்ளே என்ன இருந்துச்சு?"

உத்திராபதி கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியலை சாமி. பார்க்கலை."

"ம்."

"அப்போ நான் போக வேண்டாமா?"

"போம். கட்டாயம் போம்," என்றார் சாமியார். "ஆனா இங்கே சாப்பிட்டுட்டுக் கிளம்பாதேயும்."