தேர்ச்சி பெற்ற கீரி

மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு காட்டில், கரடி ஒன்று கல்லூரி நடத்தி வந்தது. நச்சுப் பாம்புகளை அறிவது, காட்டுத்தீயில் தப்பும் வழி, கோடையில் நீர் தேடுவது எல்லாம் அங்கே பாடங்கள்.

மின்னன் என்ற கீரி அங்கே படித்தது. பாம்பு படம் எடுப்பதற்குள் அதன் கழுத்தைப் பிடித்துவிடும், அத்தனை வேகம்! ஆனால் தேர்வு என்றால் மட்டும் அதற்கு அலட்சியம்.

அதே வகுப்பில் ஒரு நரியும் படித்தது. மின்னன் மனம் வைத்துப் படித்தால் தனக்கு முதலிடம் கிடைக்காது என்று அந்த நரிக்குத் தெரியும்.

"மின்னா, ஏன் வீணாக மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? உன் மதிப்பெண்ணைப் பார்த்தா பாம்பு பயப்படப் போகிறது?" என்றது நரி.

மின்னன் சிரித்தது. "அதுதானே! தேர்ச்சி பெற்றால் போதும்" என்று ஆற்றங்கரைக்கு விளையாடப் போய்விட்டது.

நரியோ நேரே புதருக்குள் போய்ப் படித்தது.

தேர்வு முடிந்தது. நரி தொண்ணூறு மதிப்பெண் பெற்றது. மின்னன் முப்பத்தெட்டு பெற்றுத் தேர்ச்சி அடைந்தது.

அப்போது யானைக் கூட்டம் ஒன்று, புதிதாகப் பிறந்த குட்டியைப் பாம்புகளிடமிருந்து காக்க ஆள் தேடியது. காடே திரண்டு வந்து நின்றது.

"அறுபதுக்குக் கீழே பெற்றவர்கள் திரும்பிப் போகலாம்" என்றது தாய் யானை.

மின்னன் முன்னால் ஓடியது. "அம்மா, ஒரே ஒரு பாம்பைக் காட்டுங்கள். என் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்."

"இத்தனை பேரையும் பாம்போடு சண்டையிடவிட்டுப் பார்க்க எனக்கு ஏது நேரம்? உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. கரடி போட்ட மதிப்பெண்தான் தெரியும்."

வேலை நரிக்குக் கிடைத்தது.

மின்னன் மனம் தளரவில்லை. மலை ஏறி, இருவாட்சிப் பறவை நடத்திய மேற்படிப்புப் பள்ளிக்குப் போனது.

"மேலே படிக்க ஆசை ஐயா. இனி ஒழுங்காகப் படிப்பேன்."

"கீழே படிக்காத நீ மேலே படிப்பாய் என்று எதை வைத்து நம்புவது?" என்று மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டது இருவாட்சி.

மின்னன் மலை இறங்கி வந்து கரடியின் காலில் விழுந்தது. "ஐயா, மறுபடி ஒரு முறை தேர்வு எழுத விடுங்கள்!"

கரடி வருத்தத்துடன் தலையை ஆட்டியது. "நீ தோற்றிருந்தால் மறுபடி எழுத விடுவேன். தேர்ச்சி பெற்றவர்களுக்கு மறுதேர்வு கிடையாதே, மின்னா."

மின்னன் அழுதுகொண்டே திரும்பி நடந்தது. அப்போது மூங்கில் காட்டிலிருந்து யானைகள் பிளிறும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தது.

ராஜநாகம் ஒன்று குட்டியைக் கொத்தியிருந்தது. பாம்புகளின் பெயரையெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்த நரி, நிஜப் பாம்பைக் கண்டதும் ஓடிவிட்டது.

மின்னன் பாய்ந்தது. ஒரே பிடி. நாகம் துவண்டு விழுந்தது.

ஆனால் குட்டியின் கண்கள் அதற்குள் மூடிவிட்டன. தாய் யானை தும்பிக்கையால் அதைத் தூக்கித் தூக்கி நிறுத்தப் பார்த்தது. அது நிற்கவில்லை.

"அம்மா, நான் இங்கே இருந்திருந்தால்..." என்று விம்மியது மின்னன்.

தாய் யானை கண்ணீரோடு குனிந்து பார்த்தது.

"நீ யார்?" என்று கேட்டது.

நீதி: நம்மை அறியாதவர்கள் நம் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்; படிக்கும் காலத்தில் அதை அலட்சியம் செய்தால், திறமை இருந்தும் வெளியேதான் நிற்க வேண்டும்.