முதல் மேஜைக்கு டீ

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்பு செட் செய்யும் கம்பெனி ஒன்று. அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி சுகன்யா. வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் பழக வந்தவர் ஜெரோம். வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடிக் கிளையில் இருபது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவர். மூன்று மாதம் பழகிப் பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள்.

இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வந்த சில நாளிலேயே கடிதம் எழுதிச் சுகன்யாவிடம் கொடுத்துவிட்டார். கேட்கும்போதெல்லாம் அவள், "பார்க்கலாங்க சார்" என்பாள்.

சாயங்காலம் ஆனால் ஊரிலிருந்து மனைவி ஸ்டெல்லா போனில் கேட்பாள். "வீட்டக் காலி பண்ணவா, வேண்டாமா? பிள்ளைய எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேர்க்க?"

"பார்ப்போம்" என்பார் அவர்.

மூன்று மாதம் முடியப் போகிற வாரம் கீழ்த்தளத்து வரைபடப் பிரிவுக்கு ஒரு வியாதி வந்தது. ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ளும் செயலியைத் திறந்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும். பிறகு தானாக எழுந்துகொள்ளும். ஒரு ஃபைலை இணைக்கப் போனால் மறுபடி நிற்கும்.

ஜெரோம் மூன்று நாள் மல்லுக்கட்டினார். செயலியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். வயரை மாற்றினார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நெட் நல்லா ஓடுது மேடம். சர்வரும் நல்லா இருக்கு. மெஷின் எல்லாம் புதுசு. பெறவு எதுதான் கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெட்டுப்போகலைங்க."

"அப்ப ஏன் நிக்குது?"

சுகன்யா மணி பார்த்தாள். பத்தே முக்கால்.

"கீழ போய் டீ யாருக்கு வேணும்னு கேட்டுட்டு வாங்க. முதல் மேஜைல ஆரம்பிச்சு வரிசையாக் கேக்கணும். ஒருத்தர் பதில் சொல்லாம அடுத்த மேஜைக்குப் போகக் கூடாது."

கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று ஜெரோமுக்கு விளங்கவில்லை. இந்த வயதில் டீ கேட்கப் போவதா என்றும் இருந்தது. ஆனாலும் போனார்.

முதல் மேஜையில் பெயர்ப் பலகை இருந்தது: கோவிந்தசாமி. நாற்காலி முதுகில் பழுப்பு ஸ்வெட்டர். பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கூடு. மெஷின் இல்லாத மேஜை என்பதால் மூன்று நாளும் ஜெரோம் இந்தப் பக்கம் வந்ததில்லை. ஆள் இல்லை.

எங்காவது எழுந்து போயிருப்பார் என்று நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வயர் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து மற்றவர்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள்.

கடைசியில் மூன்றாவது மேஜை முருகானந்தம் தலை நிமிர்ந்தான்.

"என்னங்க சார், நாற்காலிக்குக் காவலா?"

"டீ கேக்க வந்தேன் தம்பி. சார் வரட்டும்னு நிக்கேன்."

"கோவிந்தசாமி சாருங்களா? நல்லா நின்னீங்க போங்க. அவரு ரிட்டயராகி எட்டு மாசமாச்சு."

கூடமே சிரித்தது.

"அப்ப இந்த ஸ்வெட்டர்?"

"மறந்துட்டுப் போயிட்டாருங்க." முருகானந்தத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்களுக்கெல்லாம் கோடு போடக் கத்துக்குடுத்த மனுசன். எடுக்கறதுக்கு யாருக்கும் கை வரல."

ஜெரோம் விறுவிறுவென்று மாடி ஏறினார்.

"என்னை வெச்சு வேடிக்கை பாக்கீங்களா மேடம்?"

"எத்தனை நேரம் நின்னீங்க?"

"இருபது நிமிஷம்."

"போனதுமே 'ஆள் இல்லை'ன்னு ஒரு குரல் வந்திருந்தா?"

"அடுத்த மேஜைக்குப் போயிருப்பேன்."

சொல்லிவிட்டு ஜெரோம் அப்படியே நின்றார். ஒவ்வொரு மெஷினிலும் டிரைவ்களின் வரிசையில் சிவப்புப் பெருக்கல் குறியோடு கிடந்த ஒரு பெயர் அவர் கண்முன் வந்தது. அதுவும் கோவிந்தசாமிதான். ஒரு காலத்தில் எல்லா வரைபடங்களும் அவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. எல்லா மெஷினிலிருந்தும் அதற்கு ஒரு வழி போட்டிருந்தார்கள். அவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கம்ப்யூட்டரை இந்த வாரத் தொடக்கத்தில்தான் எடுத்தார்கள். வழி அப்படியே கிடந்தது. செத்த வழி என்ன செய்துவிடப் போகிறது என்று மூன்று நாளும் அதைத் தாண்டிப் போயிருந்தார் ஜெரோம்.

மறுபடி கீழே இறங்கினார். முருகானந்தத்தின் மெஷினில் அந்தப் பெயரை நீக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் செயலி திறந்துகொண்டது. எழுந்ததும் ஒவ்வொரு டிரைவாக வரிசையாகக் கதவு தட்டிக்கொண்டு போவது அதன் வழக்கம். இத்தனை நாளும் ஆளில்லாத வீட்டு வாசலில் நின்றிருக்கிறது.

மதியத்துக்குள் பதினான்கு மெஷினும் சரியாகிவிட்டது. ஜெரோம் மேலே வந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் மனதுக்குள் இன்னும் ஏதோ உறைந்து நின்றது.

"மேடம், என் கடுதாசி."

சுகன்யா கீபோர்டைப் பார்த்தாள். அதன் அடியிலிருந்து ஒரு காகிதத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"தூத்துக்குடியில என் இடத்தைச் சனிக்கிழமை வரைக்குந்தான் வெச்சிருப்பாங்க. ஸ்டெல்லா சாமானைக் கட்டவும் முடியாம, கட்டாம இருக்கவும் முடியாம கெடக்கா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க மேடம்."

அவள் காகிதத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இல்லைங்க சார். இங்க ஆள் சேர்க்க முடியாதுன்னு மேலிடத்துல இருந்து எழுதிட்டாங்க."

"எப்போ?"

"ரெண்டு மாசமாச்சுங்க."

ஜெரோம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஸ்டெல்லாவின் எண் வரை போன விரல் நின்றது.

"ரெண்டு மாசமா ஏன் மேடம் சொல்லல?"

கீழே கூடத்தில் டிங் டிங் என்று செய்திகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. சுகன்யா கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ஸ்வெட்டரைக் கீழ யாரும் ஏன் எடுக்கலைங்க சார்?"