நடுவில் அறுத்த பலகை

பிச்சாண்டி அன்றைக்கும் பாதி மலையிலேயே திரும்பிவிட்டார்.

முதுகில் பனிச்சறுக்குப் பலகை. கால் வைத்த இடமெல்லாம் தொடை வரை புதைந்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் உள்ளே போனது. கூட வந்தவர்கள் பனியின் மேலேயே நடந்து போய், முகட்டைத் தாண்டி மறைந்தே விட்டார்கள். அவர்களுடைய பலகைகள் நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்பட்டவை. ஏறும்போது காலுக்கு ஒரு பாதி. மேலே போனதும் இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்து, ஒரே பலகையாக்கி, அதில் நின்று சறுக்கி இறங்குவார்கள்.

பிச்சாண்டியின் பலகை முழுசு.

அவர் போளூர்ப் பக்கத்துக்காரர். சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு நண்பர்களுடன் மணாலிக்குச் சுற்றுலா வந்தார். மற்றவர்கள் கம்பளிக்குல்லாய் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் வாடகைக்கு ஒரு பலகை வாங்கி ஏறி நின்றார். அன்று முழுக்க விழுந்தார், முழுக்கச் சிரித்தார். விழுந்து விழுந்து சிரிப்பது என்பதை அப்படியே செய்து காட்டிய மனிதர். அதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் மணாலிக்கு மேலே உள்ள அந்தச் சிற்றூருக்கு வந்துவிடுகிறார்.

அங்கே பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவள் ரெஜினா. வால்பாறை தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். மலையேறும் பயிற்சிக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். பிச்சாண்டியைவிட இருபது வயது இளையவள். அவர் அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சென்ற வருஷம் வரை ஊரில் இழுவைக் கம்பி ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டால் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். இந்த வருஷம் அதன் மோட்டார் போய்விட்டது. இனி நடந்துதான் ஏற வேண்டும்.

"அறுத்துடலாமா சார்?" என்று ரெஜினா கேட்டிருந்தாள்.

"தம்பி வாங்கிக் கொடுத்தது" என்று பிச்சாண்டி சொல்லியிருந்தார்.

அன்று மாலை இரும்பு அடுப்பின் முன் உட்கார்ந்து காலுறையைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தம்பி சோணாசலம்தான். பிச்சாண்டி, "ம்... ம்... பார்க்கலாம்டா" என்று மட்டும் பேசிவிட்டு வைத்தார். வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றாள் ரெஜினா.

"பிரச்சினை ஒண்ணும் இல்லம்மா. தம்பி பையனுக்குக் கல்யாணம். மாடியில ஒரு ரூம் கட்டணும்னு நினைக்கிறான். எங்க அப்பா கட்டின வீடு, பொதுவா கிடக்கு. என் பாகம் எது, உன் பாகம் எதுன்னு பிரிச்சுக்கலாம்கறான். நியாயமாத்தான் கேக்கறான்."

"அப்புறம் என்ன?"

"முப்பது வருஷம் நான் அதைத்தானே செஞ்சேன். அண்ணன் தம்பிக்கு நடுவுல போய் நிப்பேன். அளப்பேன். எல்லைக் கல்லு நடுவாங்க. நட்ட பிறகு பேசிக்கிட்டவங்களை நான் பார்த்ததே இல்ல." அவர் காலுறையைத் திருப்பிப் போட்டார். "நீங்க சொல்லுங்க வாத்தியாரம்மா. பிரிச்ச பிறகு உறவு இருக்குமா?"

ரெஜினா எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில பட்டறைக்கு வாங்க" என்றாள்.

மறுநாள் பட்டறை மேசையில் ஒரு பழைய பலகை கவிழ்த்து இறுக்கப்பட்டிருந்தது. ரெஜினா பயிற்சி கொடுக்கப் பயன்படுத்துவது. பக்கத்தில் கை ரம்பம், மின்சார ரம்பம், அளவு நாடா, பென்சில்.

"நம்ம சறுக்குப் பள்ளிக்கு இன்னொரு அறுத்த பலகை வேணும். அறுத்துக் குடுங்க."

பிச்சாண்டி நாடாவை எடுத்தார். அகலத்தைப் பல இடங்களில் அளந்து நடுப்புள்ளி வைத்தார். காலணி மாட்டும் துளைகளின் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே கோடு சரியாகப் போகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். சில்லு பெயராமல் இருக்கக் கோட்டின் மேல் பசை நாடா ஒட்டினார். இரண்டு நுனியிலும் சுற்றி ஓடிய இரும்பு விளிம்பை ஆக்சா பிளேடால் வெட்டினார். பிறகு மின்சார ரம்பத்தை வைத்தார். ஒரே ஓட்டம். பலகை இரண்டாக விலகியது.

ரெஜினா குனிந்து பார்த்தாள். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. கை ஆடவே இல்லையே?"

"பழக்கம்மா. அடுத்தவங்க நிலத்துல கோடு போட்டே பழகின கை..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். ரெஜினா மரத்தூளைத் துடைப்பத்தால் கூட்ட ஆரம்பித்தாள்.

கூட்டி முடிப்பதற்குள் பிச்சாண்டி போய்த் தன் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீல நிறம். முன்நுனியில் ஒரு நாரைப் படம். ஓய்வு பெற்ற வருஷம், "அண்ணன் இந்த வயசுல ஆசைப்பட்டுட்டாரு" என்று சோணாசலம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, யார் யாரையோ விசாரித்து வரவழைத்துக் கொடுத்தது. போளூர் வெயிலில் அதை வாசலில் சாய்த்துவைத்திருந்தபோது தெருவே வந்து பார்த்தது.

அளந்தார். கோடு போட்டார். அழித்தார். மறுபடி அளந்தார். கோடு நாரையின் கழுத்துக்குப் பக்கத்தில் போனது.

"நீங்க அறுங்களேன் வாத்தியாரம்மா."

"என்னுதை நீங்க அறுத்தீங்க. உங்களுதையும் நீங்களே அறுங்க."

"தப்பாப் போனா?"

"தப்பாப் போகும்."

பிச்சாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ரம்பத்தை எடுத்தார். முக்கால்வாசி வரை ஒழுங்காகப் போனது. வால்பக்கம் வரும்போது கை லேசாக இழுத்துவிட்டது. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கடைசி ஒரு சாண் தூரத்துக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"கோணிப்போச்சு."

"ஆமா."

"அடுத்தவங்களுதை நேரா அறுத்துட்டு என்னுதைக் கோணலா அறுத்திருக்கேன் பாருங்க."

"உப்புத்தாள் அந்த டப்பாவுல இருக்கு சார்."

அதற்குப் பிறகு வேலை வேலையை இழுத்துக்கொண்டு போனது. அறுத்த பக்கங்களில் உள்ளிருக்கும் மரம் தெரிந்தது. ஈரம் ஏறினால் ஊறிப்போகும் என்று பசையைக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் மறுபடி பூசினார்கள். துளை போட்டுக் கொக்கிகளை வைத்து முடுக்கினார்கள். ரெஜினா டிரில்லைப் பிடித்தால் பிச்சாண்டி பலகையைப் பிடித்தார். வெளியே பனி கொட்டியது. உள்ளே பிசின் வாசனையும் டீ வாசனையும். பிச்சாண்டி தன்னையறியாமல் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

வால்பக்க இடைவெளி மட்டும் அவரை உறுத்தியது.

"இதைப் பசை வெச்சு அடைச்சு, உரசி, ஒட்டின மாதிரி ஆக்கிடவா?"

"அடைச்சா நல்லாத்தான் இருக்கும். மேலே குளிர்ல இறுகிக்கும். அப்புறம் அடுத்த தடவை பிரிக்க வராது."

"அப்ப கொஞ்சம் இடம் விடணும்கறீங்க."

"நீங்களே விட்டுட்டீங்களே."

வானம் தெளிந்த காலையில் இருவரும் கிளம்பினார்கள். பாதிப் பலகைகளின் அடியில் ரோமத் துணிப் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். அவை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. பிச்சாண்டி நாலடி வைத்தார். ஒரு பாதி முன்னால் போனால் இன்னொன்று நின்று தாங்கியது. பிறகு அது போனது, இது தாங்கியது. எங்கும் புதையவில்லை. போன வாரம் திரும்பிய பாறை வந்தது, போயிற்று. வேர்த்தது. குல்லாயைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு ஏறிப் பாருங்களேன்" என்றாள் ரெஜினா, முன்னால் போய்க்கொண்டே.

பிச்சாண்டி சிரித்தார். "அதைத்தானே வாத்தியாரம்மா இத்தனை நாள் செஞ்சேன்."

முகட்டில் காற்று பலமாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு சரிவு. யார் காலும் படாமல், பால் ஆடை மாதிரி, பைன் மரங்கள் வரை இறங்கிப் போனது. பிச்சாண்டி அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தார். மேலே சிக்னல் இருந்தது.

"சோணாசலம்."

"ண்ணா, எங்க இருக்க? காத்து சத்தமா கேக்குது."

"மலை மேல. வீட்டை அளந்துடலாம்டா."

தம்பியின் குரல் தணிந்து வந்தது. "கோவமாண்ணா?"

"இல்லடா."

"அப்ப நீயே அளந்துடு. நீ எப்படிச் சொன்னாலும் எனக்குச் சரி."

"நான் அளக்க மாட்டேன். நான் அளந்தா கோணிப்போகும். வேற சர்வேயரைக் கூப்பிடு. அளக்குற சங்கிலியோட ஒரு முனைய நீ பிடி, இன்னொண்ணை நான் பிடிச்சுக்கறேன்."

"எப்ப வர்ற?"

"பங்குனியில."

"சரிண்ணா." வைத்துவிடுவான் என்று நினைத்தால் வைக்கவில்லை. "அந்தப் பலகை நல்லா ஓடுதா?"

பிச்சாண்டி கீழே பார்த்தார். நாரையின் உடம்பு ஒரு காலிலும் சிறகு மறுகாலிலும் கிடந்தது.

"ரெண்டா அறுத்துட்டேன்டா."

"அறுத்துட்டியா! ஏண்ணா?"

"மேல ஏற வேண்டாமா?"

தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் ஏரிக்கரையில் சிரித்த அதே சிரிப்பு. இவரும் சிரித்தார்.

போனை உள்ளே வைத்துவிட்டுப் பாதிகளைக் கழற்றினார். பட்டைகளை உரித்துச் சுருட்டினார். கொக்கிகளில் பனி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சேர்த்தார். சொடக்கென்று பிடித்துக்கொண்டது. வால்பக்கம் அந்த ஒரு சாண் தூரத்துக்கு, நடுவில் பனியின் வெள்ளை தெரிந்தது.

ரெஜினா முதலில் இறங்கினாள். பிச்சாண்டி பின்னால் போனார்.

முதல் வளைவில் பலகை காலுக்குக் கீழே லேசாக முறுகியது. அவர் பயந்து முழங்காலை மடக்கினார். இரண்டாவது வளைவில் அதன் போக்குப் பிடிபட்டது. பிறகு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொடிப்பனி இரண்டு பக்கமும் புகைபோல எழுந்தது. வாய்விட்டுக் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. மரங்களுக்குப் பக்கத்தில் வந்ததும், நிற்கத் தெரிந்தும், வேண்டுமென்றே விழுந்தார். மல்லாந்து கிடந்தார்.

ரெஜினா வந்து பக்கத்தில் நின்றாள்.

மூச்சு அடங்கட்டும் என்று பிச்சாண்டி காத்திருந்தார். பிறகு படுத்தபடியே பலகையை உயர்த்தி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் போகுது வாத்தியாரம்மா. ஆனா பழைய பலகை மாதிரி இல்லை."

ரெஜினா தாங்கள் இறங்கி வந்த சரிவை அண்ணாந்து பார்த்தாள்.

"பழைய பலகை இங்க வந்ததே இல்லையே சார்" என்றாள்.