மேட்டில் நின்ற வேன்

"வண்டி ஆயில் குடிக்குதும்மா," என்றார் இஞ்ஞாசி. "வாரத்துக்கு ஒரு லிட்டர்."

யோசனை கேட்டு வந்த சீடர் அவருக்கு வயது அறுபத்தொன்று. குரு பர்வீனுக்கு முப்பத்திரண்டு. தாடி சீடருக்குத்தான். கோத்தகிரியில் டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் அவள் ஷெட்டில்தான் வந்து நிற்பார்கள். முதலில் நாலு ஆம்பளை மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு.

"புகை?"

"நீலமா வருது. ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும், பத்து நாள் ஆகும்னு ஒருத்தன் சொல்றான்."

"இறக்க வேண்டியதுதானே?"

"வீட்டுக்காரி பிலோமிக்குச் செவ்வாய், வெள்ளி குன்னூர்ல டயாலிசிஸ். பஸ் படி ஏற மாட்டா. ஒரு தடவை தவறினாலே மூச்சு முட்டும். பத்து நாள்னா..."



பர்வீன் வேனுக்கு அடியில் அட்டையை விரித்தாள். டீ குடித்தாள். அட்டையில் ஒரு சொட்டு ஆயில் ஒழுகியிருக்கவில்லை.

"காலையில வீட்டுக்கு வரேன். தினம் என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க."

மறுநாள் போனாள். வீடு மேட்டுத் தெருவில். வேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து. இஞ்ஞாசி பானெட்டைத் திறந்தார். அளவுக் குச்சியை உருவினார், துடைத்தார், விட்டு எடுத்தார். கீழ்க் கோட்டுக்கும் கீழே.

"பாத்தியா?" கேனை எடுத்து ஊற்றினார், குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி.



"ரிங்கா, வால்வு சீலா? சொல்லும்மா."

"கல்லை எடுங்க."

அன்று செவ்வாய்; குன்னூர் போகக் கிளம்பியிருந்த பிலோமினா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வேனை உருட்டிக் கீழே சர்ச் மைதானத்துச் சமதரையில் நிறுத்தினார்கள்.

"இப்ப?"

"சும்மா இருங்க."

சும்மா இருப்பதா? அந்த மனுஷனா? பத்து நிமிஷத்தில் எட்டு முறை வேனைச் சுற்றிவந்தார்.

பர்வீன் குச்சியை எடுத்துக் காட்டினாள். மேல் கோட்டுக்கு மேலே, இரண்டு விரல் அளவு.

இஞ்ஞாசி மேட்டைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார்.

"சாய்ஞ்சு நின்னா குச்சி குறைச்சுக் காட்டும். நீங்க ஊத்துவீங்க. தாங்காம அது புகையாத் துப்பும். துப்புதேன்னு இன்னும் ஊத்துவீங்க."

முன்சீட்டிலிருந்து பிலோமினா எட்டிப் பார்த்தாள். "முப்பது வருஷம் லாரி ஓட்டின ஆளும்மா இவரு!"

"தெரியும்டி. எனக்குத் தெரியாதா?" குரல் இறங்கியது. "உன்னை வச்சுக்கிட்டு நடுவழியில நின்னுடக் கூடாதுன்னு..."



அதிகமிருந்ததைப் பர்வீன் வடித்தெடுத்து, மேல் கோட்டுக்குச் சரியாக நிறுத்தினாள்.

"பத்து நாள் பானெட்டைத் தொடக் கூடாது."

"பத்து நாளா! தினமும் பாக்காம எப்படி?"

"தொடக் கூடாதுண்ணே."

"கேனை என்கிட்ட குடுங்க," என்றாள் பிலோமினா. கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து நாள். மூன்று முறை குன்னூர் போய் வந்தார்கள். புகை முதல் நாள் கொஞ்சம் வந்தது. அப்புறம் வரவில்லை. காலையில் பானெட்டுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாரே தவிர, அவர் தொடவில்லை.

பதினொன்றாம் நாள், வெள்ளி, குன்னூர் போகிற வழியில் அதே மைதானம். பர்வீன் குச்சியை அவரிடமே கொடுத்தாள்.

துடைத்தார். விட்டார். எடுத்தார். மேல் கோட்டிலிருந்து ஒரு நூலிழை கூட இறங்கவில்லை.

கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் ஆயில்.

"அப்போ இன்ஜினை இறக்க வேண்டாம்?"

"வேண்டாம்."

"வாரத்துக்கு ஒருக்கா பாத்தா போதுமா?"

"போதும். சமதரையில."

குச்சியைத் திரும்பச் செருகினார்.

"அப்ப தினமும் காலையில நான் என்னம்மா பண்றது?"

பர்வீன் கையைத் துடைத்துக்கொண்டே முன்சீட்டில் பிலோமினா இருந்த பக்கம் முகவாயால் காட்டினாள்.

இஞ்ஞாசி சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார்.

"என்னவாம்?" என்றாள் பிலோமினா.

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.